பிள்ளை பெற்றவளுக்கு ஒரு கிண்ணம்

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குச் சீனச் சாப்பாடு என்றால் சம்பள நாள் சாப்பாடு. சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை டவுனுக்குக் கூட்டிப் போவார். பஸ் நிலையத்தை ஒட்டிய காப்பிக்கடையில் கோழிச் சோறோ, சார் குவே தியாவோ, சூப் மீயோ வாங்கித் தருவார். பன்றிக்கொழுப்பு சேர்க்காமல் கிண்டச் சொல்லி மலாயில் கேட்டுக்கொள்வார். கடைக்காரரும் வாணலியைக் கழுவிவிட்டுக் கிண்டிக் கொடுப்பார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சீனச் சாப்பாடு. அவர்கள் வீட்டிலும் அதைத்தான் சாப்பிடுகிறார்களா, பிள்ளை பிறந்தால் என்ன சமைப்பார்கள், பிறந்தநாளுக்கு என்ன வைப்பார்கள் என்ற கேள்வியெல்லாம் எங்கள் லயத்தில் யாருக்கும் எழுந்ததில்லை.

ஆசிரியர் பயிற்சி முடிந்ததும் பேராக் மாநிலத்து மஞ்சோங் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. சித்தியவானில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடியேறினேன். காலைச் சந்தைக்குப் போன முதல் நாளே ஊர் வேறு என்று தெரிந்துவிட்டது. கெடாவில் என் காதுக்குப் பழகிய ஹொக்கியன் பேச்சு இங்கே கேட்கவில்லை. காய்கறிக் கடைகளுக்கு நடுவில் ஒரு கிழவி பிளாஸ்டிக் பைகளில் கரும்சிவப்பு நிறத்தில் ஏதோ கூழ் விற்றுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் பழைய சாஸ் போத்தல்களில் சிவப்பாக ஏதோ திரவம். இன்னொரு மேசையில், முடியைவிடச் சற்றே பருமனான வெள்ளை மீ, சுருட்டிச் சுருட்டிக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. இவற்றில் எதையும் நான் அதுவரை எந்தச் சீனக் கடையிலும் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆயர் தாவார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகளுக்கு அவர் சார், எங்களுக்கெல்லாம் அண்ணன். சீனப் பிள்ளைகளோடு ஆற்றிலும் காட்டிலும் விளையாடி வளர்ந்ததால் அவர்களுடைய ஃபூச்சோ மொழி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் சந்தையில் பார்த்ததைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க இருக்கிற சீனவங்க முக்கால்வாசிப் பேரு ஃபூச்சோக்காரங்க டீச்சர். அவங்க சாப்பாடே தனி. கோலாலம்பூர்ல தேடினாலும் இந்தக் கைப்பக்குவம் கிடைக்காது. சனிக்கிழமை வாங்க, கம்போங் கோவுக்குப் போவோம்."

கம்போங் கோ என்ற பெயர் எனக்கு முன்பே தெரியும். பூண்டு சேர்த்த சில்லி சாஸ் போத்தலில் அந்தப் பெயரைப் படித்திருக்கிறேன். அது ஓர் ஊர் என்பதும், பேராக்கின் ஃபூச்சோக்காரர்கள் முதன்முதலில் காலூன்றிய இடம் அதுதான் என்பதும் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

ஃபூச்சோ என்பது சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஃபுஜியன் மாகாணத்தின் தலைநகரம். அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் மெதடிஸ்ட் மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்தார்கள். வறுமையும், 1900-ஆம் ஆண்டு பாக்ஸர் கலகத்தின்போது கிறிஸ்தவர்கள் மீது பாய்ந்த வன்முறையும் சேர்ந்து, வெளிநாட்டில் போய்ப் பிழைக்கும் எண்ணத்தை அங்கே வலுப்படுத்தின. 1901-இல் வோங் நாய் சியோங் என்பவரின் முயற்சியில் ஒரு கூட்டம் சரவாக்கின் சிபுவுக்குப் போனது. 1903-இல் லூரிங் என்ற ஜெர்மானிய மெதடிஸ்ட் போதகரும் லிங் சிங் மீ என்ற சீனப் போதகரும் சேர்ந்து 363 பேரைச் சித்தியவானுக்கு அழைத்து வந்தார்கள். பேராக் அரசாங்கத்துக்கு அப்போது நெல் விளைவிக்கக் குடியானவர்கள் தேவைப்பட்டார்கள். வந்தவர்களுக்குக் காட்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, வெட்டித் திருத்திக்கொள்ளச் சொன்னது அரசாங்கம். நெல் கைகொடுக்கவில்லை. பின்னால் ரப்பர் கைகொடுத்தது.

அண்ணன் கூட்டிப் போன கடை பழைய பலகைக் கடைவீடு. பெயர்ப் பலகையில் சீன எழுத்து மட்டும். உள்ளே பளிங்குக்கல் மேசைகள், சுவரில் ஒரு சிலுவை, தேவாலயத்தின் நாட்காட்டி. கடையை நடத்தியவர் அறுபதைத் தாண்டிய அம்மாள். அண்ணன் அவரிடம் ஃபூச்சோ மொழியில் ஏதோ சொல்ல, அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "சிக்கு, டுடோக், டுடோக்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று முதல் எனக்கு அவர் ஆன்ட்டி.

"பன்றி சாப்பிடுவீங்களா டீச்சர்?"

"இல்லண்ணே. மாடும் கிடையாது."

"அப்ப மீன் உருண்டை வேணாம், உள்ள பன்றி இறைச்சி வச்சிருப்பாங்க. உங்களுக்கு மீ சுவா சொல்றேன், கோழி போட்டது. ஆனா ஒண்ணு, அதுல மது சேர்ப்பாங்க. இவங்களே வீட்ல போடுற சிவப்பு மது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் ருசியோ சமயமோ அல்ல. மது என்ற சொல் எங்கள் குடும்பத்தில் சாதாரணச் சொல் இல்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையை அடுத்து வாழ்ந்தவர்களுக்கு அது புரியும். பால்வெட்டிய களைப்பில் வரும் ஆட்களின் சம்பளம் தோட்டத்துக்குள்ளேயே கரைவதற்கு நிர்வாகமே ஏற்பாடு செய்திருந்த இடம் அது. சம்பள நாள் சாயங்காலத்தில் லயத்தின் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்ததை என் பாட்டி சொல்லிச் சொல்லி அம்மா வளர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கெடாவில் தொண்டர் படை என்ற இயக்கம் எழுந்து, கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக மறியல் செய்தது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் அதை அடக்கியது. தாத்தா அந்தப் படையில் இருந்தவர். கள்ளின் வாடை அடித்தால் அம்மா தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஆன்ட்டியிடம் சொன்னார். ஆன்ட்டி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மலாயில் என்னிடமே பேசினார். தன் புருஷனும் மகன்களும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்றார். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற குடும்பம். இந்த மதுவைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பதற்காகத் தான் போடுவதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேறுவதற்காகத்தான் தன் அம்மா இதைச் செய்யக் கற்றுக்கொடுத்தார் என்றார்.

பிள்ளை பெற்றவளுக்கு என்ற அந்த ஒரு வார்த்தையில் என் மனம் இளகிவிட்டது. கொண்டுவாருங்கள் என்றேன்.

கிண்ணம் வந்தது. கரும்செம்பு நிறத்தில் சாறு. அதற்குள் வெள்ளை மீ சுவா, எலும்போடு வெட்டிய கோழி, மெல்லியதாக நறுக்கி வதக்கிய இஞ்சி, காளான், மேலே அவித்த முட்டை ஒன்று. ஆவியோடு முதலில் ஏறியது இஞ்சியின் காரம். அதற்கடியில் வறுத்த எள்ளின் எண்ணெய் மணம். அதற்கும் அடியில், கள்ளின் வாடையோடு எந்த உறவும் இல்லாத, புளித்த அரிசியின் இனிப்பான மணம். மீயை வெட்டாமல் சாப்பிட வேண்டும் என்று ஆன்ட்டி கை காட்டினார். நீளமான மீ நீண்ட ஆயுசுக்கு. பிறந்தநாளன்று, புது வருடத்து முதல் காலையில், பிள்ளை பிறந்த வீட்டில் என்று நல்ல நாள் எல்லாவற்றுக்கும் இந்தக் கிண்ணம்தான் முதலில் வரும்.

முதல் வாய் சாற்றில் லேசான புளிப்பும் லேசான இனிப்பும் தெரிந்தன. உப்பு தனியாகத் தெரியவில்லை. அது மீயிலிருந்தே ஊறி வந்தது. பிறகு தொண்டையில் ஒரு சூடு இறங்கி நெஞ்சில் பரவி நின்றது. மிளகாயின் சூடு நாக்கோடு நின்றுவிடும். இது வயிற்றிலிருந்து திரும்பி மேலே வந்தது. கோழி எலும்புவரை சிவந்திருந்தது. மீ சுவா நாக்கில் பட்டதும் கரைந்தது. கெடாவில் நான் சாப்பிட்ட எந்த மீயோடும் இதற்குச் சம்பந்தமே இல்லை. அங்கே சாப்பிட்டதெல்லாம் நெருப்பும் வாணலியும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் முடித்த சமையல். இதன் ருசி மாதக்கணக்கில் ஒரு சாடிக்குள் உட்கார்ந்திருந்து வந்தது.

அந்தச் சாடிகளை ஆன்ட்டி பின்கட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். பழுப்பு நிற மண்சாடிகள், இடுப்பு உயரத்துக்கு, துணி போட்டு மூடி வரிசையாக நின்றன. புளுட் என்ற ஒட்டும் அரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். சூடு இருந்தால் எல்லாம் கெட்டுவிடும். ஆறிய சோற்றோடு சிவப்பு அரிசியைக் கலக்க வேண்டும். சிவப்பு அரிசி என்றால் நம் ஊர்ச் சிவப்பரிசி இல்லை. வெந்த அரிசியின்மேல் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துக் காயவைத்தது. மணி மணியாக, காய்ந்த ரத்த நிறத்தில், விரலால் நசுக்கினால் உதிரும். ஃபூச்சோவுக்கு வடமேற்கே மலைப்பக்கத்தில் இருக்கும் குதியென் மாவட்டம் இதற்குப் பேர்போனது; சித்தியவானின் பல குடும்பங்களுக்குப் பூர்வீகம் அந்த மாவட்டம்தான். இதோடு வெள்ளை நொதிமாவு உருண்டையைப் பொடித்துப் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மூடுவார்கள். கையிலோ சாடியிலோ ஒரு துளி எண்ணெயோ பச்சைத் தண்ணீரோ படக்கூடாது. முதல் சில நாள்கள் கிளறிவிட வேண்டும். பிறகு தொடக்கூடாது. சீனாவில் இதைக் குளிர்காலத்தில் போட்டு மெதுவாகப் புளிக்க விடுவார்கள். சித்தியவான் வெக்கையில் அந்தப் பொறுமை நடக்காது, நாளைக் கணக்குப் பார்த்து வடிகட்ட வேண்டும், தவறினால் புளிப்பு ஏறிவிடும் என்றார் ஆன்ட்டி. துணியில் வடிந்து வருவது மது. துணியில் தங்கும் சிவப்புச் சக்கை, சந்தையில் நான் பையில் பார்த்த கூழ். அதையும் வீணாக்குவதில்லை. உப்புச் சேர்த்து வைத்துக்கொண்டு கோழியிலும் மீனிலும் பிசறிச் சமைக்கிறார்கள்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் கம்போங் கோ எனக்குப் பழகிய பாதையாகிவிட்டது. கடையில் மீன் சாறு கொதிக்கும் வாணலியின் விளிம்பைச் சுற்றி அரைத்த அரிசி மாவை ஊற்றி, மூடி வைத்து, வெந்ததும் சுரண்டி அதே சாற்றுக்குள் தள்ளிக் கொடுக்கும் ஒரு காலைச் சாப்பாட்டைப் பார்த்தேன். மாவு ஓரத்தில் முறுகி நடுவில் மெத்தென்று இருக்கும். ஆப்பச்சட்டிக்குள்ளேயே குழம்பும் கொதித்தால் எப்படி இருக்குமோ அப்படி. கொழகொழவென்ற சாற்றில் வினிகர் விட்டுச் சாப்பிடும் லோர் மீயும், எள் தூவிய கொம்பியாவும் அந்த ஊரில்தான் எனக்கு அறிமுகம்.

கொம்பியா செய்வதைப் பார்த்துக்கொண்டே ஒரு காலையைக் கழிக்கலாம். மண்ணால் கட்டிய பெரிய அடுப்புக்குள் தேங்காய் மட்டையை எரித்துச் சுவரைச் சூடேற்றுவார்கள். தட்டையாகத் தட்டிய மாவை, வெங்காயமும் இறைச்சியும் உள்ளே வைத்து, அந்தச் சுடுசுவரில் வெறுங்கையால் ஒட்டுவார்கள். எனக்காக வெங்காயம் மட்டும் வைத்ததைத் தனியாக ஒட்டித் தருவார்கள். அடுப்பிலிருந்து எடுத்த நிமிடம் மேல்பக்கம் மொறுமொறுவென்றும் உள்ளே ஆவியோடும் இருக்கும். ஆறினால் கல். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானியக் கடற்கொள்ளையரை எதிர்த்து ஃபுஜியன் கரையில் போரிட்ட சீ ஜிகுவாங் என்ற தளபதி, தன் சிப்பாய்கள் சமைக்க நிற்காமல் நடந்துகொண்டே சாப்பிட இந்த ரொட்டியின் நடுவில் துளை போட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார் என்று கதை. ஃபூச்சோவில் இன்றும் அவர் பெயரால்தான் அந்த ரொட்டி வழங்குகிறது. சித்தியவானில் எனக்கு அந்தக் கதையைச் சொன்னவர் அடுப்பின் முன்னால் வியர்த்து நின்ற இளைஞர். சீனாவை அவர் பார்த்ததே இல்லை.

மீ சுவா செய்யும் வீட்டு முற்றத்துக்கும் அண்ணன் கூட்டிப் போனார். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. கோதுமை மாவு, உப்பு, தண்ணீர், வேறெதுவும் இல்லை. காற்றின் ஈரத்தைப் பார்த்து உப்பைக் கூட்டிக் குறைப்பார்கள். பிசைந்த மாவைக் கயிறாகத் திரித்து, இரண்டு குச்சிகளில் எட்டுப் போலச் சுற்றி, ஓய்வு கொடுத்து, மறுபடி இழுத்து, மறுபடி ஓய்வு கொடுத்து, கடைசியில் மரச்சட்டத்தில் மாட்டி ஆள் உயரத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். வெயிலில் அந்த வெள்ளை இழைகள் காற்றுக்கு அசைந்துகொண்டிருக்கும். மேகம் கறுத்தால் வீடே ஓடி வந்து உள்ளே எடுத்து வைக்கும். அதற்கு முற்றம் வேண்டும், மறைப்பு இல்லாத வெயில் வேண்டும், கூப்பிட்டால் ஓடிவரக் குடும்பத்தில் ஆட்கள் வேண்டும்.

அந்த முற்றத்தில் நின்றபோதுதான் எனக்குச் சில கணக்குகள் நேராயின. ஃபூச்சோக்காரர்கள் கம்போங் கோவில் காடு வெட்டிய அதே காலத்தில்தான் எங்கள் முன்னோரும் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். 1910 வரை ஒப்பந்தக் கூலிகளாக, அதற்குப் பிறகும் கங்காணி கூட்டி வந்த ஆட்களாக. பிழைப்புத் தந்த மரம் இருவருக்கும் ஒன்றுதான். அவர்களுக்கும் சுகவாழ்வு கிடைத்துவிடவில்லை; காட்டுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் பலர். ஆனால் அவர்கள் காலுக்குக் கீழே சொந்த நிலம் இருந்தது. எங்களுக்குத் தோட்டம் கொடுத்தது லயத்தில் ஓர் அறை, அதுவும் வேலை இருக்கும்வரை. சாடி சாடியாக மது போட்டு மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருக்கப் பின்கட்டு வேண்டும். அந்தப் பின்கட்டில் நாளை வேறொரு குடும்பம் குடியேறாது என்ற நிச்சயமும் வேண்டும். லயத்துப் பெண்கள் அந்த ஓர் அறைக்குள்ளேயும் வடகம் போட்டார்கள், ஊறுகாய் போட்டார்கள், ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தார்கள். எவ்வளவு பெரிய காரியம் அது என்று சித்தியவானில்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு சமூகங்களும் ஒருவர் அடுக்களையை ஒருவர் ஏன் பார்த்ததில்லை என்பதற்கும் அங்கேதான் விடை இருந்தது. வெள்ளைக்காரன் ஆளைப் பிரித்துக் குடியமர்த்தினான். தமிழன் தோட்டத்துக்குள், சீனன் கம்பத்திலும் டவுனிலும், மலாய்க்காரர் ஆற்றோரக் கிராமங்களில். சந்தித்த இடம் மளிகைக் கடையும் சம்பள நாள் காப்பிக்கடையும் மட்டும். கடையில் விற்பது எல்லோருக்கும் பொதுவான சாப்பாடு. வீட்டின் உயிர் இருக்கும் சாப்பாடு விற்பனைக்கு வருவதில்லை. அது ஆன்ட்டி கடை மாதிரி ஒரு சில இடத்தில்தான் தெருவை எட்டிப் பார்க்கிறது.

என் மகள் பிறந்தது சித்தியவானில். பத்தியம் பார்க்க அம்மா கெடாவிலிருந்து வந்து தங்கினார். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, மிளகு ரசம், நல்லெண்ணெய். ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும், காதில் பஞ்சு வைத்திருக்க வேண்டும், குளிக்க மூலிகை போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான். அந்த நாள்களில் ஒரு காலையில் ஆன்ட்டி அடுக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க மணம். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இதுல என்ன வாடை?"

நான் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் பாத்திரத்தின் அருகே குனிந்து நின்றார். ஆன்ட்டிக்கு நிலைமை புரிந்துவிட்டது. இரண்டு பேரும் சந்தை மலாயில் பேசத் தொடங்கினார்கள். இது எதற்கு என்று அம்மா கேட்டார். உடம்பில் காற்று ஏறாமல் இருக்க, ரத்தம் ஊற, என்றார் ஆன்ட்டி. அவர்கள் வீட்டிலும் பிள்ளை பெற்றவள் முப்பது நாள் வெளியே வரக்கூடாது. காற்று படக்கூடாது. குளிக்க இஞ்சி போட்டுக் காய்ச்சிய தண்ணீர். சாப்பாட்டில் இஞ்சியும் எள் எண்ணெயும் கோழியும். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு கிண்ணம் மீ சுவா உண்டு. அம்மாவுக்குக் கேட்கக் கேட்க ஆச்சரியம். எங்களுக்கு நாற்பது நாள் என்றார். பால் ஊற நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்று ஆன்ட்டி கேட்க, பால்சுறாவும் பூண்டும் என்றார் அம்மா. பச்சைப் பப்பாளியும் மீனும் போட்ட சூப் என்றார் ஆன்ட்டி. பப்பாளியா, பிள்ளைத்தாய்ச்சி பப்பாளி பக்கமே போகக்கூடாதே என்றார் அம்மா. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எங்களுக்கும் ஆகாது, பெற்ற பிறகுதான் என்றார் ஆன்ட்டி. எனக்குத் தூக்கம் வந்தும் அவர்கள் பேச்சு முடியவில்லை.

பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறதே என்று அம்மா தயங்கியதை ஆன்ட்டி மனதில் வைத்துக்கொண்டார். மறுநாள் இன்னொரு பாத்திரம் வந்தது. அதே கோழி, அதே இஞ்சி, அதே எள் எண்ணெய், மீ சுவா. சிவப்பு நிறம் மட்டும் இல்லை. அதை அம்மாவே எனக்கு ஊட்டினார். ஆன்ட்டிக்குப் பூண்டுக் குழம்பை ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். முதல் நாள் வந்த சிவப்புக் கோழியில் ஒரு துண்டை அம்மா பிறகு எடுத்துச் சாப்பிட்டதையும் நான் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். ராத்திரி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"நம்ம லயத்துல கள்ளு ஆம்பளைங்க கையில இருந்துச்சு. பொம்பளைங்க அழுதாங்க. இவங்க ஊட்டுல இத பொம்பளைங்களே போட்டு, பொம்பளைங்களுக்கே கொடுக்கிறாங்க. யாரு கையில இருக்குதுங்கிறதுதான் விஷயம் போல."

அம்மா அதற்குப் பிறகும் மதுவை வெறுத்தவர்தான். அந்த வெறுப்புக்கு எங்கள் குடும்பத்தில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்காகத் தாத்தா மறியலில் நின்றது சரியான காரியம். ஆனால் ஆன்ட்டியின் சாடியையும் தோட்டத்துக் கள்ளுக்கடையையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதை அம்மா யாரும் சொல்லாமலே கண்டுகொண்டார். ஒரு துண்டுக் கோழி போதுமானதாக இருந்தது.

இப்போது கம்போங் கோவில் கையால் மீ சுவா இழுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இயந்திரத்தில் செய்தது சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கொம்பியா மட்டும் சுற்றுலாப் பயணிகளின் தயவில் செழிப்பாக இருக்கிறது. பங்கோர் தீவுக்குப் போகிறவர்கள் பை பையாக வாங்கிப் போகிறார்கள். சாடியில் மது போடும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்துகொண்டே இருக்கும்வரை அந்தச் சாடி காலியாகாது என்று நான் நம்புகிறேன்.

மலேசியாவில் சீனச் சாப்பாடு என்ற ஒரே சாப்பாடு கிடையாது. சித்தியவானில் ஃபூச்சோ, கூலாயில் ஹக்கா, பினாங்கில் ஹொக்கியன், ஈப்போவில் கான்டனீஸ் என்று ஊருக்கொரு அடுக்களை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கப்பல் பயணமும் ஒரு பஞ்சமும் ஒரு கிராமத்தின் பெயரும் இருக்கின்றன. கடைக்காரரிடம் உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசியவர்கள்தான் அதிகம்.

என் வகுப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். தங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு சீனக் குடும்பத்திடம் போய், பிள்ளை பிறந்தால் அவர்கள் என்ன சமைப்பார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். அதே தாளின் மறுபக்கத்தில், தங்கள் பாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்டு அந்தப் பதிலையும், பாட்டியின் குடும்பம் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் எழுத வேண்டும். பல பிள்ளைகளுக்கு முதல் பக்கம் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. இரண்டாம் பக்கத்துக்காக அவர்கள் பாட்டியின் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. நான் அந்த வேலையைக் கொடுப்பதே அதற்காகத்தான்.